கன்றுக்கும் ஒரு காம்பு

(தொடர்கல்வி மையத்தில் மாலை நேரக் கூட்டத்தில் பேசியது)



பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களை வெகுநேரம் உட்கார வைக்க மாட்டேன். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்.

இங்கே பால் மாடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். நல்லது, பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். நீங்கள் பால் கறக்கும்போது நான்கு காம்பையும் ஒட்டக் கறந்துவிடுவீர்களா? மாட்டீர்கள். கன்றுக்கு ஒரு காம்பு விடுவீர்கள்.

ஏன் விடுகிறீர்கள்? இரக்கத்தால் மட்டும் இல்லை. கன்று வளர்ந்தால்தான் நாளைக்கு நம் தொழுவத்தில் மாடு இருக்கும். இது நம் பாட்டிக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் தெரியும்.

காடும் ஒரு பால் மாடுதான். தேன் தருகிறது. நெல்லிக்காய் தருகிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, துடைப்பப்புல் எல்லாம் தருகிறது. நம் நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் இப்படிக் காட்டில் எடுத்து, விற்றுப் பிழைக்கிறார்கள். அப்படி எடுப்பதில் கன்றுக்கு விடும் காம்பு எது? அதை யார் முடிவு செய்வது? இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. அதனால் ஒரு மலையின் கதையைச் சொல்கிறேன்.

மலையும் மக்களும்

கர்நாடக மாநிலத்தில் சாமராஜநகர் மாவட்டம் இருக்கிறது. அங்கே பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. 'பிளிகிரி' என்றால் வெள்ளை மலை. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்கும் இடம் அது. மலையடியில் முள் காடு. கொஞ்சம் மேலே போனால் கோடையில் இலை உதிர்க்கும் காடு. இன்னும் மேலே புல்வெளியும் சோலையும். யானை, புலி, காட்டெருமை, கடமான் எல்லாம் அங்கே உண்டு.

அந்த மலையில் சோளகர் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கன்னடத்தில் அவர்களைச் சோலிகர் என்பார்கள். பக்கத்தில் தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் மலைகளிலும் சோளகர் வாழ்கிறார்கள். மலைமேல் இருக்கும் ரங்கசாமி சோளகர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சாமி அவர்களுக்கு மைத்துனர் முறை. அந்தக் காட்டில் 'தொட்ட சம்பிகே' என்று ஒரு மிகப் பழைய செண்பக மரம் நிற்கிறது. அதுவும் அவர்களுக்குத் தெய்வம்தான்.

முன்பு அவர்கள் காட்டில் கேழ்வரகு விதைத்தார்கள். ஓர் இடத்தில் சில ஆண்டுகள் விதைப்பார்கள். பிறகு அதை ஆறவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது. வேட்டை நின்றது. இடம் மாற்றி விதைப்பதும் நின்றது. மக்கள் ஒரே இடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள்.

பிறகு அவர்களுக்கு என்ன மிஞ்சியது? தேன், நெல்லி, கல்பாசி போன்ற சிறு வனப்பொருள்கள் மிஞ்சின. அவற்றை வாங்கி விற்க 'லாம்ப்ஸ்' என்று மக்கள் சொல்லும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. 1990-களில் அந்த மலையில் ஆய்வு செய்தார்கள். ஒரு குடும்பத்தின் கையில் புழங்கும் பணத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் பொருள்களால் வந்தது. சில ஊர்களில் பாதிக்கும் மேல் வந்தது.

ஆகவே, நெல்லிக்காய் அவர்களுக்கு வெறும் ஊறுகாய்ச் சரக்கு இல்லை. அரிசி, உப்பு, துணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருந்தன.

நெல்லி மரம் எப்படிப் பிறக்கிறது?

காட்டு நெல்லி சிறிய மரம்.  பனிக்காலத்தில் காய் முற்றும். காய் உதிர்ந்து தரையில் கிடக்கும். புள்ளிமானும் கடமானும் கேளையாடும் வந்து அதைத் தின்னும்.

மான் நெல்லிக்காயை மெல்லுவதில்லை. விழுங்கிவிடும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும். அப்போது சதை உள்ளே போகும். கொட்டை வெளியே வரும். மான் அதைத் துப்பிவிடும். அந்த இடம் தாய் மரத்திலிருந்து தூரமாக இருக்கும். கொட்டை காய்ந்து வெடிக்கும். மழை பெய்ததும் விதை முளைக்கும். அப்படித்தான் காட்டில் புது நெல்லிக் கன்று வருகிறது. மானுக்குக் கூலி, நெல்லிக்காயின் சதை. மரத்துக்கு ஆதாயம், புதுக் கன்று.

இப்போது யோசித்துப் பாருங்கள். மரத்தில் உள்ள எல்லாக் காயையும் நாமே பறித்துவிட்டால் மானுக்கு என்ன இருக்கும்? விதையை யார் சுமப்பார்கள்? இருக்கிற மரம் சாகும் வரை காய்க்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நெல்லி இருக்காது. காட்டில் கன்றுக்கு விடும் காம்பு இதுதான்.

பறிப்பதிலும் இரண்டு வகை உண்டு. மரத்தில் ஏறிக் கையால் பறிக்கலாம். கிளையைக் குலுக்கலாம். இது ஒரு வகை. கிளையையே வெட்டிக் கீழே போட்டு, உட்கார்ந்து உருவலாம். இது இன்னொரு வகை. இரண்டாவது சுலபம். ஆனால் நாளைக்கு?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். இது கணக்குக்காகச் சொல்வது. ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ காய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் கிளையை வெட்டிப் பறிக்கிறார். முதல் ஆண்டு 20 கிலோ கிடைக்கிறது. அடுத்த ஆண்டு கிளை இல்லை. 8 கிலோதான். பிறகு 10, பிறகு 12, பிறகு 15. ஐந்து ஆண்டில் மொத்தம் 65 கிலோ.

இரண்டாவது ஆள் ஏறிப் பறிக்கிறார். 15 கிலோ பறித்து, 5 கிலோவை மரத்தில் விடுகிறார். ஒவ்வோர் ஆண்டும் 15 கிலோ. ஐந்து ஆண்டில் 75 கிலோ.

மானுக்கு விட்டும் 10 கிலோ கூடுதல்! ஆறாம் ஆண்டிலும் அந்த மரம் முழுதாக நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. காய் முற்றும் முன்பே பறிக்கக் கூடாது. பிஞ்சுக் காய் சிறிது. எடை நிற்காது. விதையும் முற்றியிருக்காது. பிறருக்கு முன்னால் போய்ப் பறிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேனிலும் அதே கணக்கு

மலைத்தேனீ உயர்ந்த மரக் கிளையிலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டும். ஒரே பெரிய அடையாகத் தொங்கும். அந்த அடை முழுவதும் தேன் என்று நினைக்காதீர்கள். மேல் பக்கம் ஒரு மூலையில் தடித்து இருக்கும். அங்கேதான் தேன். கீழ்ப்பகுதியில் முட்டையும் புழுவும் இருக்கும். அது தேனீயின் தொட்டில்.

அடையை முழுதாக அறுத்தால் தேனோடு தொட்டிலும் போய்விடும். தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்தால் குஞ்சுகள் பிழைக்கும். புகை காட்டி ஈயை விலக்குவது ஒரு முறை. தீப்பந்தத்தால் ஈயைக் கருக்குவது இன்னொரு முறை. எது நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் எத்தனையோ மரங்கள் காய்ப்பதற்குத் தேனீ பூவுக்குப் பூ போக வேண்டும். ஈ அழிந்தால் தேன் மட்டும் போவதில்லை. காயும் போகும்.

பழி யார் மேல்?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அந்த மலையில் நெல்லி மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. காய்ப்பும் குறைந்தது. உடனே ஒரு பேச்சு எழுந்தது. 'பறிக்கிறவர்கள்தான் மரத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை என்ன?

ஆராய்ச்சியாளர்கள் சோளகர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் மரங்களைக் கவனித்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். காயை எண்ணினார்கள். கன்றை எண்ணினார்கள். பறிக்கும் மக்களே பருவத்துக்கு முன் காட்டுக்குள் போய், இந்த ஆண்டு எவ்வளவு காய்க்கும் என்று மதிப்புப் போட்டார்கள். பறித்த பிறகு எவ்வளவு மிச்சம், எத்தனை கிளை ஒடிந்தது என்றும் பார்த்தார்கள். அனுபவத்தால் மக்கள் சொன்ன மதிப்பு, ஆராய்ச்சியாளர்கள் அளந்த கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

பார்த்ததில் தெரிந்தது இது. கிளையை வெட்டிப் பறித்தால் கெடுதல் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் காய் பறிப்பது மட்டும் மரத்தை அழிக்கவில்லை. வேறு இரண்டு எதிரிகள் இருந்தார்கள்.

முதல் எதிரி புல்லுருவி. நம் மாமரத்திலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பழத்தைச் சின்னஞ்சிறு பூக்கொத்திக் குருவி தின்னும். விதை பசை போல ஒட்டும். குருவி அதை இன்னொரு கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைக்கும். கிளைக்குள் வேர் விட்டு மரத்தின் நீரையும் சத்தையும் உறிஞ்சும். புல்லுருவி பிடித்த நெல்லி மரம் சரியாகக் காய்க்காது. நாளடைவில் பட்டுப்போகும்.

இரண்டாவது எதிரி உண்ணிச்செடி. பல நிறப் பூப் பூக்கும். தண்டில் சிறு முள் இருக்கும். அது நம் நாட்டுச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1800-களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். இன்று நாடு முழுவதும் காட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளிகிரி ரங்கன் மலையில் 1997-லும் 2008-லும் கணக்கு எடுத்தார்கள். முதலில் 100 இடம் பார்த்தால் ஏறத்தாழ 40 இடத்தில் உண்ணிச்செடி இருந்தது. பதினோரு ஆண்டு கழித்து ஏறத்தாழ 80 இடத்தில் இருந்தது. அது புதராக மூடினால் கீழே புல் வளராது. மானுக்கு மேய்ச்சல் இல்லை. நெல்லிக் கன்றுக்கு வெயில் இல்லை. மனிதர் நடக்கவும் வழி இல்லை.

இவை ஏன் இவ்வளவு பெருகின? சோளகர் பெரியவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். முன்பு அவர்கள் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். ஈரம் இருக்கும் நேரம் அது. தீ தரையோடு ஓடி அணையும். அந்தத் தீயில் உண்ணிச்செடியின் இளங்கன்று கருகும். புல்லுருவியும் பெருகாது. சட்டம் வந்த பிறகு அந்த வழக்கம் நின்றது. அதற்குப் பிறகுதான் இரண்டும் பெருகின என்கிறார்கள்.

இதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. இன்று உண்ணிச்செடி மண்டிய காட்டில் தீப் பிடித்தால் அது சிறு தீயாக இருக்காது. புதரில் ஏறி மரத்தின் தலை வரை போகும். ஆகவே யாரும் இதைக் கேட்டுவிட்டுக் காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றமும்கூட. எப்போது, எங்கே, எப்படி என்பதை மக்களும் வனத்துறையும் அறிஞர்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தீ இல்லாமலும் செய்யக்கூடிய வேலை உண்டு. காய் பறிக்க மரம் ஏறும்போதே புல்லுருவியை வெட்டிப் போடலாம். அது பழுக்கும் முன் வெட்டினால் குருவி பரப்ப முடியாது. உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கலாம். அதே மாவட்டத்தில் மாதேஸ்வரன் மலை இருக்கிறது. அங்கே 2004 முதல் உண்ணிச்செடித் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். மூங்கிலும் பிரம்பும் கிடைக்காத கைவினைஞருக்கு அது வேலை கொடுத்தது. கெடுக்க வந்த செடியிலும் ஒரு கைப்பிடிச் சோறு கிடைத்தது.

வருமானம் நின்ற ஆண்டுகள்

வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் திருத்தம் வந்தது. அதன்படி சரணாலயத்துக்குள் எடுக்கும் பொருளை விற்கக் கூடாது. 2006 வாக்கில் பிளிகிரி ரங்கன் மலையில் வனப்பொருள் எடுத்து விற்பது நிறுத்தப்பட்டது.

ஒரே உத்தரவில் பாதி வருமானம் போயிற்று. நம் வீட்டில் வரும் பணத்தில் பாதி நின்றால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள். அடகு வைப்போம். கடன் வாங்குவோம். கூலி தேடி வெளியூர் போவோம். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

சரி, மக்கள் பறிப்பதை நிறுத்தியதும் காடு செழித்ததா? புல்லுருவி சட்டம் படிக்கவில்லை. உண்ணிச்செடியும் படிக்கவில்லை. அவை வளர்ந்துகொண்டேதான் இருந்தன. பறிக்க ஆள் போகாததால் புல்லுருவியை வெட்டும் ஆளும் போகவில்லை. நோய் ஒன்று இருக்க, மருந்து வேறொன்றுக்குக் கொடுத்த கதை அது.

காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை. புலி வாழ வேண்டும். யானை வாழ வேண்டும். அதற்குச் சட்டமும் வேண்டும். ஆனால் காட்டோடு வாழ்கிறவரை விலக்கிவிட்டுக் காட்டைக் காப்பது கடினம்.

எழுதி வைத்த சொல்

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2007-ன் கடைசி நாளில் அது நடைமுறைக்கு வந்தது. தலைமுறையாகக் காட்டில் வாழ்பவர்களுக்குச் சிறு வனப்பொருள்மீது உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். அதோடு காட்டைக் காக்கும் பொறுப்பும் உண்டு.

உரிமை வேண்டும் என்று எங்கே கேட்பது? முதலில் கிராம சபையில். கிராம சபை ஒரு வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் 10 முதல் 15 பேர் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழு விண்ணப்பங்களை வாங்கி, இடத்தைப் போய்ப் பார்க்கும். எல்லையை வரைபடத்தில் குறிக்கும்.

ஆதாரம் கேட்பார்களே, நம்மிடம் பட்டா இல்லையே என்று பயம் வரும். இங்கேதான் ஒரு நல்ல செய்தி. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாக்குமூலமும் ஓர் ஆதாரம். விண்ணப்பம் போட்டவர் அல்லாத வேறு பெரியவர் சொல்ல வேண்டும். அதை எழுத்தில் பதிய வேண்டும். 

கவனித்தீர்களா? பாட்டியின் நினைவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் யாராவது அதை எழுத வேண்டும். எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நீங்கள் இந்த மையத்தில் கற்ற எழுத்து அந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

சோளகர் அந்த வேலையைச் செய்தார்கள். காட்டுக்குள் தங்கள் கோயில், மரம், நீர்நிலை, மூதாதையர் இடம் எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளர்களோடு நடந்து போய் வரைபடத்தில் குறித்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் இருந்தது. 'இது யாரும் இல்லாத காடு' என்று இனி யார் சொல்ல முடியும்?

2011-ன் தொடக்கத்தில் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

அதோடு கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். உரிமை வந்தது. ஆனால் நெல்லி மரங்கள் முன்போல் இல்லை. உண்ணிச்செடி போகவில்லை. பலர் இப்போது வீட்டுப் பக்கம் காப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். கூலிக்கும் போகிறார்கள். காட்டைத் திரும்பக் கொண்டுவரும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. உரிமைப் பத்திரம் அந்த வேலையின் தொடக்கம் மட்டுமே.

'அடுத்தவன் பறித்துவிட்டால்?'

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஏதோ கேட்கிறார்கள். சத்தமாகக் கேளுங்கள் அம்மா.

"நான் ஒரு காம்பு விடுகிறேன் தம்பி. எனக்குப் பின்னால் வருகிறவன் அதையும் கறந்துகொண்டு போய்விட்டால்? நான் ஏமாளிதானே?"

நல்ல கேள்வி. இந்தப் பேச்சின் உயிரே இந்தக் கேள்விதான்.

மாடு நம்முடையது. நாம் விட்டால் கன்று குடிக்கும். காடு எல்லோருடையது. நான் விட்டதை இன்னொருவர் எடுத்துவிடலாம். அந்தப் பயத்தால்தான் எல்லோரும் பிஞ்சிலேயே பறிக்க ஓடுகிறார்கள். கிளையை வெட்டுகிறார்கள். யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து கெடுக்கிறோம்.

இதற்குத் தனி ஆளால் வழி காண முடியாது. ஊர் கூடித்தான் முடியும். என்றைக்குப் பறிக்கத் தொடங்குவது? ஊர் கூடி ஒரு நாள் குறிக்கலாம். எந்த ஊர் எந்தப் பகுதியில் பறிப்பது? எல்லை போடலாம். மரத்தில் எவ்வளவு விடுவது? முடிவு செய்யலாம். கிளை வெட்டினால் என்ன அபராதம்? பேசிக்கொள்ளலாம். பிறகு இதை எல்லாம் கிராம சபைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாய்ப்பேச்சு மறந்துபோகும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒருவர் சொல்வார். எழுதி வைத்தால் மறக்காது. உரிமை ஊருக்கு என்று உறுதியானால் மக்கள் நாளையை நம்புவார்கள். நாளையை நம்புகிறவர்தான் இன்றைக்கு மிச்சம் வைப்பார்.

எடையும் விலையும்

காட்டைக் காத்தால் மட்டும் போதாது. பறித்ததற்கு நியாயமான விலையும் வேண்டும். விலை குறைந்தால் என்ன நடக்கும்? அதே பணத்துக்கு இரண்டு மடங்கு பறிக்க வேண்டி வரும். அப்போது காம்பு விட மனம் வருமா?

எடையைப் பாருங்கள். ஒரு நாள் 40 கிலோ நெல்லி கொண்டுவருகிறீர்கள். எழுதுகிறவர் 36 என்று எழுதுகிறார். நான்கு கிலோதானே என்று விட்டுவிட்டால், 30 நாளில் 120 கிலோ போய்விடும். மூன்று நாள் உழைப்பு வீண். தராசின் எண்ணை நீங்களே படியுங்கள். சீட்டில் உள்ள எண்ணையும் படியுங்கள். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பச்சைக் காயாக விற்றால் ஒரு விலை. கொட்டை நீக்கிக் காயவைத்தால் இன்னொரு விலை. ஊறுகாயாகப் போட்டால் வேறு விலை. பிளிகிரி ரங்கன் மலையில் 1990-களிலேயே தேனை வடிகட்டிப் புட்டியில் அடைத்து விற்றார்கள். நெல்லி ஊறுகாய் போட்டார்கள். இதைத் தனியாகச் செய்வது கஷ்டம். பெண்கள் குழுவாகச் செய்யலாம். 2013-14 முதல் மத்திய அரசு சில சிறு வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்துவருகிறது. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் உண்டா, இந்த ஆண்டு என்ன விலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாப் பொருளும் ஒன்றல்ல

முடிக்கும் முன் ஒரு எச்சரிக்கை.

காய் பறித்தால் மரம் நிற்கும். இலை பறித்தால் திரும்பத் துளிர்க்கும், அளவோடு பறித்தால். பட்டை உரித்தால் ஆபத்து. மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் அது சாகும். கிழங்கும் வேரும் தோண்டினால் செடியே போய்விடும். கல்பாசி மரப்பட்டையில் ஒட்டி வளரும். அது மிக மெதுவாக வளரும். ஒருமுறை சுரண்டி எடுத்த இடத்தில் திரும்ப வர நெடுநாள் ஆகும்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு. வேரோ பட்டையோ எடுப்பதாக இருந்தால், மிகக் குறைவாக எடுக்க வேண்டும். விதை விழுந்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் திரும்ப நட வேண்டும்.

அன்பானவர்களே, மாட்டைக் கறக்கவே கூடாது என்று சொன்னால் வீட்டில் பால் இல்லை. ஒட்டக் கறந்தால் நாளைக்கு மாடே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நம் பாட்டி ஒரு வழி வைத்திருந்தார். அந்த வழி காட்டுக்கும் பொருந்தும். அதை ஊர் கூடி முடிவு செய்வோம். எழுதி வைப்போம். காத்து நிற்போம்.



கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊர்க் காட்டிலிருந்து அல்லது தோப்பிலிருந்து என்னென்ன பொருள் எடுக்கிறீர்கள்? பட்டியல் எழுதுங்கள்.

2. அவற்றில் காய் எது, இலை எது, பட்டை எது, வேர் எது? எதை எடுத்தால் செடி சாகும்?

3. இருபது ஆண்டுக்கு முன் அதிகமாக இருந்து இப்போது குறைந்த பொருள் எது? ஏன் குறைந்தது? ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

4. மானுக்கும் தேனீக்கும் எவ்வளவு விடலாம்? குழுவாகப் பேசி ஒரு தீர்மானம் எழுதிப் பாருங்கள்.